உயிலும் வாரிசும்: எழுதுவது முதல் பட்டா மாறும் வரை

ஒருவர் தம் காலத்துக்குப் பிறகு தம் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைப்பது உயில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது விருப்பம் மட்டுமே. அதனால் யாருக்கும் எந்த உரிமையும் வந்துவிடாது. அதே சொத்தை அவர் மறுநாளே விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலை மாற்றி எழுதலாம், ரத்து செய்யலாம். எத்தனை உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும். முதல் உயில் பதிவானதாகவும் பின்னது பதிவாகாததாகவும் இருந்தாலும் விதி இதுதான்.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை அவரவர் மதத்துக்குரிய வாரிசுரிமைச் சட்டம் பங்கிடுகிறது. அந்தப் பங்கீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உயில் தேவையா இல்லையா என்பதை முடிவு செய்ய முடியும். பலருக்கு இந்த இடத்திலேயே எதிர்பாராத செய்தி காத்திருக்கிறது.

இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். சுயமாகச் சம்பாதித்து ஒரு வீடு கட்டியவர் உயில் எழுதாமல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய் இருக்கிறார்கள். வீடு மனைவிக்குப் போகும் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இறந்தவரின் தந்தை உயிரோடு இருந்தாலும் அவருக்குப் பங்கில்லை. தாய் முதல் வகுப்பு வாரிசு, தந்தை இரண்டாம் வகுப்பு. சில ஆண்டுகளில் அந்தத் தாயும், ஏற்கெனவே கணவரை இழந்தவர், உயில் எழுதாமல் காலமாகிறார். அவருக்கு இன்னும் ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்து, வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு சித்தப்பாவுக்கும், அதே அளவு அத்தைக்கும் சேர்கிறது. மூன்றாவது கூறுதான் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு. இனி அந்த வீட்டை விற்க வேண்டுமானால் சித்தப்பாவும் அத்தையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மனைவி பெயருக்கு ஒரு பக்க உயில் இருந்திருந்தால் இத்தனைக்கும் வேலை இருந்திருக்காது.

பெண் பெயரில் உள்ள சொத்துக்கு வேறு வரிசை. கணவரும் பிள்ளைகளும் முதல் இடத்தில் வருகிறார்கள். அவர்கள் யாரும் இல்லையென்றால் சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்கும் அடுத்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் தந்தை வழிக்குத் திரும்பும். ஆனால் அவள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணமும் வாங்கிய மனையும், குழந்தை இல்லாத விதவையாக இறந்தால், கணவரின் அண்ணன் தம்பிகளுக்குப் போய்ச் சேரும். 2009இல் ஓம்பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணைப் புகுந்த வீட்டார் கைவிட்டிருந்தார்கள், பிறந்த வீடுதான் படிக்க வைத்து ஆளாக்கியது. ஆனாலும் சட்டத்தின் வரிசை மாறவில்லை. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சம்பாதிக்கும் பெண் எந்த வயதினராக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

திருமணம் செய்துகொள்ளாதவர்களுக்கும் இது பொருந்தும். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அவருடைய அண்ணன் ஜெயகுமாரின் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் சட்டப்படியான வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2020 மே மாதம் ஆகியிருந்தது. ஜெயலலிதா வாழ்ந்த போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அரசு கையகப்படுத்தியது செல்லாது என்ற தீர்ப்பு 2021 நவம்பரில் வந்தது. ஒரு மாநிலத்தை ஆண்டவரின் வீட்டுக்கே ஐந்து ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

பூர்வீகச் சொத்து தனிக் கணக்கு. அதில் ஒருவர் தம் பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். குடும்பச் சொத்து முழுவதையும் தமதாக நினைத்து ஒரு மகன் பெயருக்கு எழுதிய உயில்கள் நீதிமன்றத்தில் கரைந்துபோவது இதனால்தான். இந்தப் பங்கில் மகள்களின் உரிமையைத் தமிழ்நாடு முன்னரே ஒப்புக்கொண்டது. செங்கல்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, கருணாநிதி ஆட்சியில், 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், திருமணமானவர் ஆகாதவர் என்ற பேதமின்றி, எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020இல் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு நீக்கிவிட்டது, இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பு முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை இந்தச் சட்டம் தொடாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஊர்களில் மகள்களின் பங்கு, அதை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வழியாகவே கரைகிறது. கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு கணக்கு முடிந்தது என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. கருமாதி முடிந்த கையோடு, ‘வங்கியில் கேட்கிறார்கள்’ என்று சொல்லி நீட்டப்படும் தாள்களில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னால் உடைப்பது மிகக் கடினம். ஏமாற்றப்பட்டதை அந்தப் பெண்ணே நிரூபிக்க வேண்டியிருக்கும். துக்க வீட்டில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமல், வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துப் பார்க்க அவகாசம் கேட்பது தவறே அல்ல. விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கிற தங்கை மூன்று மாதம் கழித்தும் விட்டுக்கொடுப்பாள்.

முஸ்லிம்கள் கடன்களும் இறுதிச் சடங்குச் செலவும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அதற்கு மேல் செல்லும். ஏற்கெனவே பங்கு பெறும் வாரிசு ஒருவருக்கே உயிலால் கூடுதலாகத் தருவதற்கும் இந்தச் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கையில் தாய்க்கு எதுவும் கிடையாது. மகனை நம்பியிருக்கும் கிறிஸ்தவத் தாய்க்கு அந்த மகன் எழுதும் உயில் ஒன்றே பாதுகாப்பு. கிறிஸ்தவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. இந்துக்களுக்கு இந்த விதி இல்லை.

பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதினால் போதும். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதினால் கூடுதல் பலம் என்பது வெறும் நம்பிக்கை. சட்டம் கேட்பது மூன்றே: எழுதியவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு, அதை நேரில் பார்த்த, அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் அந்தச் சாட்சிகள் போடும் கையெழுத்து. சாட்சிகள் உயிலைப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் உயிலைப் பற்றிக் கேள்வி எழும் நாளில் எழுதியவர் வந்து பதில் சொல்ல மாட்டார். மற்றப் பத்திரங்களுக்கும் உயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அதனால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் உயில் நிரூபணமாகும். இருவருமே இறந்திருந்தால் அவர்களின் கையெழுத்தை அறிந்தவர்களைத் தேட வேண்டும். எழுபது வயதுக்காரர் தம் வயதுத் தோழர்கள் இருவரைச் சாட்சியாகப் போடுவது பாசத்துக்குச் சரி, வழக்குக்குச் சரியல்ல. நாற்பது வயதுக்குள் இருக்கும், ஊரைவிட்டுப் போகாத, சொத்தில் எந்த ஆதாயமும் இல்லாத இருவர் வேண்டும். கிறிஸ்தவரின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கே எழுதி வைத்த சொத்து செல்லாது. இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லையென்றாலும் சந்தேகத்துக்கு அதுவே முதல் காரணமாகும்.

எவையெல்லாம் சந்தேகத்துக்கு இடம் தரும் என்பதை 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. நடுங்கிய கையெழுத்து, எழுதியவரின் பலவீனமான மனநிலை, நியாயமில்லாத பங்கீடு, பலன் பெறுகிறவரே முன்னின்று உயிலைத் தயாரித்தது ஆகியவை இருந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவருடையது. ஆகவே ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ எழுதுகிறவர் காரணத்தை உயிலிலேயே எழுதிவிடுவது நல்லது. ‘என் மூத்த மகனுக்குத் தொழில் தொடங்க ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டபடியால் இந்த வீட்டில் பங்கு தரவில்லை’ என்ற ஒரு வரி பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும். வயது முதிர்ந்தவர்கள் அன்றைய தேதியில் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி இணைப்பதும் உதவும்.

வாசகத்தில் சிக்கனம் கூடாது. ‘என் வீட்டை என் மகன்கள் இருவரும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதினால், எந்த வீடு, சமபங்கா, விற்கும் உரிமை உண்டா, ஒருவர் முந்தி இறந்தால் என்ன என்று நான்கு கேள்விகள் எழும். சர்வே எண், கதவு எண், நான்கெல்லை, பரப்பு, அந்தச் சொத்து தமக்கு எந்த ஆவணப்படி வந்தது என்ற விவரம், பெறுபவரின் முழுப்பெயர், உறவுமுறை, பங்கின் அளவு எல்லாம் வேண்டும். ‘இதில் குறிப்பிடாத, இனி நான் சேர்க்கப்போகும் சொத்துகளும்’ யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பாளர் ஒருவரையும் குறிப்பிடலாம்.

மனைவிக்கு எழுதும்போது பெரும்பாலான ஆண்கள் ‘ஆயுட்காலம் வரை குடியிருந்து அனுபவித்துக்கொள்ளலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை’ என்றே எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொத்து மிஞ்ச வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் நாளில் அந்தப் பெண் தம் வீட்டைக் காட்டிக் கடன்கூட வாங்க முடியாமல் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும். தவிர, ஜீவனாம்சத்துக்கு ஈடாகத் தரப்பட்ட வரம்புள்ள உரிமை முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் வந்த தீர்ப்பினால், இப்படிப்பட்ட வாசகங்கள் வழக்குக்கே வழி செய்கின்றன. முழு உரிமையோடு எழுதி வைப்பதே மனைவிக்கு மரியாதை, குடும்பத்துக்கும் நிம்மதி.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் நல்லது, எழுதியவர் சார்பதிவாளர் முன் வந்து நின்றார் என்பதற்கு அது சான்று. படுக்கையில் இருப்பவர் கோரினால் அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகின்றன. வில்லங்கச் சான்றில் அவை வராது. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு. எங்கே வைத்திருக்கிறோம் என்று நம்பகமான ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

உயில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, நிறைவேற்றவும் ஆள் வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய சாட்சி உண்டு. பச்சையப்ப முதலியார் 1794இல் தம் செல்வத்தைக் கோயில் தருமங்களுக்கு எழுதி வைத்து இறந்தார். அந்தப் பணம் தருமத்துக்குப் போகாமல் பல்லாண்டுகள் வழக்கில் கிடந்தது. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகு, மிகுதித் தொகையைக் கொண்டு அவர் பெயரில் பள்ளி தொடங்கியது 1842இல்.

உயிலா, உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்டா என்ற கேள்வி பத்திர எழுத்தர் அலுவலகங்களில் அன்றாடம் எழுவது. குடும்பத்தாருக்குச் செய்யும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை குறைவு, உச்ச வரம்பும் உண்டு. பெறுபவர் உடனே பட்டா மாற்றிக்கொள்ளலாம். பின்னாளில் நிரூபிக்கும் தொல்லை இல்லை. இந்த வசதிகளைக் காட்டிப் பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். ஆனால் கையெழுத்திட்ட நிமிடமே வீடு கைமாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுப் பெற்றோரைக் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். அதற்கு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது முக்கியம். 2022இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. குடியிருக்கும் வீட்டைக் கடைசிவரை தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதுவதுதான் முதியவர்களுக்குப் பாதுகாப்பு.

நாமினி விஷயத்தில் நிலவும் தவறான எண்ணம் இன்னும் பரவலானது. வங்கியிலோ பங்குக் கணக்கிலோ நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். நாமினி என்பதாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். 1983இல் சர்பதி தேவி வழக்கிலும், 2023 டிசம்பரில் பங்குகள் குறித்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்தின்படி பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள்வரை நியமிக்கலாம். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் நாமினி யார் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பல வீடுகளில் மனைவி பெயர் இருக்காது.

மரணத்துக்குப் பிறகான வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்து சான்று பெற வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு தேவைப்படும். பெயரின் எழுத்து ஆதாரிலும் பத்திரத்திலும் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஓர் இனிஷியல் மாறினாலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அது திரும்ப வரும். அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். யார் யார் வாரிசு என்று மட்டுமே அது சொல்லும். சொத்தில் உரிமை தராது.

இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுப்பது வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. ஈமச் செலவுக்கே எடுத்தாலும், மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் இருக்காது. ஓய்வூதியதாரர் இறந்ததை உடனே தெரிவிக்காவிட்டால் அதன் பிறகு வரவான ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். நாமினியோ கூட்டுக் கணக்கில் எஞ்சியவரோ இருந்தால் வங்கி எளிதில் பணம் தரும். உரிய ஆவணங்கள் எல்லாம் கொடுத்த 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதி வகுத்திருக்கிறது. நாமினியும் இல்லை, தொகையும் பெரிது, அல்லது வாரிசுகளிடையே தகராறு என்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு. கடன், டெபாசிட், பங்கு போன்றவற்றுக்கு மட்டுமே இது. வீடு நிலத்துக்குப் பயன்படாது.

உயிலை நீதிமன்றம் மெய்யென்று உறுதிசெய்து தரும் சான்று புரொபேட். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் எழுதப்பட்ட, அல்லது அங்குள்ள சொத்து பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நெடுங்காலம் அது கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தகராறு வரும் என்று தெரிந்தால் இப்போதும் புரொபேட் வாங்கி வைப்பது பலம். நிலத்துக்கும் வீட்டுக்கும் பட்டா மாறுதல், சொத்துவரி, மின் இணைப்பு ஆகியவற்றை உயில் அல்லது வாரிசுச் சான்றைக் கொண்டு மாற்றலாம். யாராவது ஆட்சேபித்தால் வட்டாட்சியர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார். பல வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா வந்தபின் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து தனித்தனியாக்கிக்கொள்ளலாம். தலைமுறைக் கணக்கில் தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டு வைத்தால் வாரிசுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், அதில் சிலர் எங்கே என்றுகூடத் தெரியாமல் போகும்.

இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இல்லை; எஸ்டேட் வரி 1985இல் ஒழிந்தது. ஆனால் இறந்தவருக்கு இறந்த நாள்வரை வந்த வருமானத்துக்குரிய கணக்கை வாரிசு தாக்கல் செய்ய வேண்டும். இறந்தவர் வாங்கிய கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு என்றாலும், தமக்கு வந்த சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான். அதற்கு மேல் வாரிசின் சொந்தச் சம்பாத்தியத்தில் கடன்காரர் கைவைக்க முடியாது. அந்தக் கடனுக்கு வாரிசே உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

வீட்டில் யாருக்கும் தெரியாத கணக்குகளும் இருக்கலாம். பத்து ஆண்டுகள் கோரப்படாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றன. ஏழு ஆண்டுகள் வாங்கப்படாத ஈவுத்தொகையும் அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகின்றன. அங்கே போன பிறகும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் இறந்தவரின் பெயரையும் பான் எண் போன்ற ஓர் அடையாளத்தையும் கொடுத்தால் எந்த வங்கியில் அப்படிப்பட்ட பணம் இருக்கிறது என்று காட்டும். அந்த வங்கிக் கிளைக்கு இறப்புச் சான்றோடும் வாரிசு ஆவணங்களோடும் போய் விண்ணப்பிக்க வேண்டும்.